ஒரு கை என்றால் யாருடைய கை?

ஜொகூரில் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர், கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தால் சாப்பிட்டுக் கை கழுவும் இடம் வரை பின்னாலேயே வருகிறீர்கள். "மேடம், அந்தக் கை கேஸ் உங்களோடதுதானே?" என்று கேட்கிறீர்கள். கேட்டுவிட்டு மிகுந்த மரியாதையோடு சிரிப்பை அடக்கிக்கொள்கிறீர்கள். அடக்க வேண்டாம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன்; இனி எந்தக் கோர்ட்டிலும் உங்களுக்கு எதிரே நிற்கப் போவதில்லை. ஆனால் இரண்டு திருத்தம். முதலாவது, அது கேஸ் இல்லை, கேஸாகாமல் தப்பித்த விவகாரம். இரண்டாவது, உங்கள் காதுக்கு வந்து சேர்ந்த கதையில் நான் பெரிய புத்திசாலியாக வருகிறேனாம். அதைத்தான் முதலில் திருத்தியாக வேண்டும்.

சம்பந்தப்பட்ட பெண்கள் இருவரிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஒருவர் மட்டும், "ஏன் மாத்துறீங்க, என் பேரயே போடுங்க, கடைக்கு விளம்பரமாச்சு" என்றார். அவர் பெயரையும் மாற்றிவிட்டேன்.

நான் காலமெல்லாம் செய்தது ஃபிரான்சைஸ் வேலை. ஒருவருடைய கடைப் பெயரையும் சமையல் முறையையும் உரிமம் வாங்கிக்கொண்டு, இன்னொருவர் வேறு ஊரில் அதே மாதிரி கடை நடத்துவது. இருவருக்கும் நடுவில் தலையணை தடிமனுக்கு ஓர் ஒப்பந்தம் இருக்கும். அந்தத் தலையணையைத் தைத்துக் கொடுப்பவள் நான். கல்யாணத்துக்கு முன்பே விவாகரத்துப் பத்திரத்தையும் எழுதி வைக்கிற வேலை என்று என் கணவர் சொல்வார். அவர் கணக்கு வாத்தியார். அவருக்குப் பேசத் தெரியும்.

பாக்கியம் அக்கா என் அலுவலகத்துக்கு முதன்முதலில் வந்தபோது, கெலாங் பாத்தாவில் அவர் கடை ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் காலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, மட்டன் பிரட்டல் பொட்டலம் கட்டிக்கொண்டுதான் பாலம் ஏறுவார்கள். அந்தப் பிரட்டலை ஜொகூர் முழுக்கப் பரப்ப வேண்டும் என்பது அவருடைய மகன் மகேனின் ஆசை. மகேன் சிங்கப்பூரில் விளம்பர வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அடுப்படிப் பக்கம் போகாதவர். ஆனால் அடுப்படியைப் பற்றி அவர் பேசினால் எனக்கே பசிக்கும்.

பதிவு செய்வதற்குச் சமையல் கையேடு ஒன்று வேண்டும். ஒவ்வொரு கிளையிலும் ஒரே ருசி வர எதை எவ்வளவு போடுவது என்று அதில் இருக்க வேண்டும். அக்கா என் அலுவலகத்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் மலாயில் தட்டச்சு செய்தேன். மல்லித்தூள் மூணு கை. மிளகாய்த்தூள் ஒரு கை. சோம்பு அரைக் கை. "ஒரு கை" என்று அவர் முதல் தடவை சொன்னபோது நான் நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகேன் தன் உள்ளங்கையை விரித்து என்னிடம் காட்டினார். நானும் தலையாட்டினேன். அந்த நேரம் அக்கா அறையின் குளிரூட்டியைப் பார்த்துக்கொண்டு, முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தியபடி, இதைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் குளிரைக் குறைத்தேன். அன்று அவர் கேட்டு நான் செய்த ஒரே காரியம் அதுதான்.

புத்ராஜெயாவில் பதிவு அலுவலகத்தில் இருந்த அதிகாரி ஒரு மலாய்க்கார இளைஞர். கையேட்டைப் பொறுமையாகப் புரட்டினார். ஓர் இடத்தில் விரலை வைத்து, "தாங்கான் சியாப்பா?" என்றார். யாருடைய கை என்று அர்த்தம். இதுவரை எந்த அதிகாரியும் என்னிடம் கேட்ட கேள்விகளிலேயே மிகச் சரியான கேள்வி அது. நான் செய்ய வேண்டியிருந்தது கெலாங் பாத்தாவுக்கு ஒரு போன் போடுவது மட்டும்தான். ஆனால் முதல் கிளைக்கு நாள் குறித்தாகிவிட்டது. உறுமி மேளத்துக்குச் சொல்லியாகிவிட்டது. மகேன் அரை மணிக்கு ஒரு தடவை வாட்ஸ்அப் புலனத்தில் "மேடம், முடிஞ்சுதா?" என்று அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கேயே, அந்தக் கவுன்டரிலேயே நின்றுகொண்டு ஒரு விளக்கம் எழுதினேன்: "கை என்பது, நிறுவனரின் வலது உள்ளங்கையில், விரல்கள் சற்றே மடங்கிய நிலையில், கொள்ளக்கூடிய அளவைக் குறிக்கும்."

அதிகாரி படித்தார். என்னைப் பார்த்தார். முத்திரை குத்தினார்.

"விரல்கள் சற்றே மடங்கிய நிலையில்" என்பதில் எனக்கு அன்று இருந்த கர்வத்தை என்னவென்று சொல்வது! காரை ஓட்டிக்கொண்டு ஜொகூர் பாரு திரும்பும் வழியெல்லாம் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். பிறகு மாநில வழக்கறிஞர்கள் என்னைத் தங்கள் குழுவுக்குத் தலைவியாக்கினார்கள். தலைவி என்றால் உரையாற்ற வேண்டுமே. "துல்லியமாக எழுதுவது எப்படி" என்று இளையவர்களுக்கு வருடாவருடம் ஓர் உரை. அதில் திரையில் பெரிதாக வரும் எடுத்துக்காட்டு, இந்தக் கைதான். உங்களில் மூத்தவர்கள் அதை நோட்டில் எழுதிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

மகேனும் சும்மா இருக்கவில்லை. திறந்த உள்ளங்கையைக் கடைச் சின்னமாக்கினார். புதிதாகக் கிளை எடுப்பவர்களுக்குக் "கைப் பயிற்சி" வைத்தார். அதில் எல்லாரும் விரலைச் சற்றே மடக்கி அரிசியை அள்ளிப் பழக வேண்டும். கிளைகள் திறந்தன. கூட்டம் வந்தது, பிறகு மெல்லக் குறைந்தது. கெலாங் பாத்தா ருசி இங்கே இல்லை என்று வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். சமையல்காரர்களோ மிளகாய்த்தூளில் கை எரிகிறது என்றார்கள். மகேன் கையுறை வாங்கிக் கொடுத்தார். கையுறை போட்டால் "கை"யின் அளவு மாறுமா, அது ஒப்பந்த மீறலா என்று என்னிடம் எழுத்துப்பூர்வமாகக் கருத்துக் கேட்டார். நான் இரண்டு பக்கத்துக்குக் கருத்து எழுதிக் கொடுத்தேன். மெல்லிய கையுறையென்றால் பரவாயில்லை என்பது என் முடிவு. சிரிக்காதீர்கள், நிறைய யோசித்துத்தான் எழுதினேன்.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன்.

சிறுதொழில் செய்யும் பெண்களுக்கு உதவும் ஒரு சங்கத்துக்கும் நான் தலைவியாக இருந்தேன். ஸ்கூடாயில் ஒரு கடைவீட்டின் மாடியில், சனிக்கிழமை காலைகளில் இலவசச் சட்ட ஆலோசனை. அங்கே ஒரு விதி இருந்தது. வருகிறவர் உட்காருவதற்கு முன்பே எதிர்த்தரப்பு யார் என்று கேட்டுப் பாரத்தில் எழுத வேண்டும். நம் கட்சிக்காரருக்கு எதிரான ஆளிடமே தெரியாமல் கதை கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. விதியைப் போட்டது நான். தலைவி ஆயிற்றே, பாரம் எழுதுவதை மற்றவர்களுக்கு விட்டுவிட்டேன்.

அன்று என் முன்னால் உட்கார்ந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் ஸ்டெல்லா. லாபிஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை. மடியில் பிளாஸ்டிக் பை. நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார்.

"பதினாலு நாள் டைம் குடுத்துருக்காங்க லாயர். அதுல ஒம்பது நாள் போயிருச்சு. அப்புறம் கடைய எடுத்துக்குவாங்களாம். ரெண்டு வருசத்துக்கு வேற சாப்பாட்டுக் கடையும் போடக் கூடாதாம். பதினெட்டு வருசம் செனாய்ல ஃபேக்டரி வேலை செஞ்சேன், அத விட்டுட்டுத்தான் இதுல எறங்குனேன். இந்த வயசுல இனிமே எவன் லா என்னச் சேத்துக்குவான்?"

சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். "இதுல கையெழுத்துப் போட்ட ஆளப் பாத்து நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கணும்" என்றார்.

கடிதத்தின் தலைப்பில் என் அலுவலகத்தின் பெயர். அடியில் என் கையெழுத்து.

கையும் களவுமாகப் பிடிபடுவது என்று சொல்வோமே, அது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஜூனியர் தயாரித்த இருபது முப்பது கடிதங்களோடு ஒன்றாக அதையும் வைத்து, வரிசையாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளியிருக்கிறேன். படித்த ஞாபகமே இல்லை. இப்போது இந்தப் பெண் இன்னும் ஒரு நிமிடம் பேசினால், தன் பக்கத்து நியாயம் முழுவதையும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் மடியிலேயே கொட்டிவிடுவார்.

"அம்மா, நிறுத்துங்க. மேற்கொண்டு ஒன்னும் சொல்லாதீங்க," என்றேன். "அந்தக் கையெழுத்து என்னோடதுதான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் சுவரில் தொங்கிய பதாகையைப் பார்த்தார். அதில் நான் சிரித்துக்கொண்டு, பெண்களே அஞ்சாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடிதத்தை மடித்துப் பைக்குள் போட்டார். "அப்ப நான் யாருகிட்டப் போறது?" என்றார். கோபமாகக்கூட இல்லை. அதுதான் எனக்கு வலித்தது.

கடைசி மேசையில் வேறு அலுவலகத்தைச் சேர்ந்த ஓர் இளம் வழக்கறிஞர் இருந்தார். ஸ்டெல்லாவை அவரிடம் உட்கார வைத்து, நான் யார் என்பதையும் சொல்லிவிட்டு, அவர்கள் பேசுவது காதில் விழாதபடி கீழே கோப்பிக் கடைக்கு இறங்கிப் போனேன். ஒரு தே தாரேக் வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. எது அதிகம் என்று கேட்டால், பயம்தான்.

அன்று மதியமே அலுவலகத்துக்குப் போய்க் கோப்பை எடுத்து, நானே அனுப்பிய கடிதத்தை முதன்முறையாகப் படித்தேன். லாபிஸ் கடை மீது இரண்டு குற்றம். ஒன்று, அங்கே பிரட்டலின் ருசி மற்ற ஆறு கிளைகளிலிருந்தும் மாறுபடுகிறது. இரண்டு, கையேட்டில் சொன்னபடி கையால் அளக்காமல் ஏதோ ஒரு டின்னால் அளக்கிறார்கள். பதினான்கு நாளில் சரிசெய்யாவிட்டால் ஒப்பந்தம் முறியும். ஜூனியர் மீது குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் விளக்கத்தை வரிக்கு வரி மேற்கோள் காட்டி, அழகாக எழுதியிருந்தார். கோப்பின் கடைசியில் மகேனின் மின்னஞ்சல் ஒன்று கிடந்தது. லாபிஸ் கடையில் இப்போது நல்ல கூட்டம், அது காலியானதும் தன் மனைவியின் தம்பி எடுத்து நடத்தத் தயார் என்று எழுதியிருந்தார். மற்ற ஆறு கடையும் ஈ ஓட்டும்போது அந்த ஒரு கடையில் மட்டும் ஏன் கூட்டம் என்று அவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் பெக்கான் நானாஸ் போனேன். எனக்குத் தொழில் பழக்கிய சீனியர் ஓய்வு பெற்று, அங்கே அன்னாசி போட்டிருந்தார். அன்னாசி அவருக்குச் சரியாக வராது. அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. நடந்ததைச் சொன்னேன். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டதை ஒருவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, சட்டப்படி என் கடிதம் சரிதான், ஆனாலும் ஏதோ உறுத்துகிறது என்றேன்.

"அந்த டின்ன நீ பாத்தியா?" என்றார்.

கோப்பை முழுவதும் பார்த்துவிட்டேன் என்றேன்.

"ஃபைலுக்குள்ள அடுப்பு எரியுதா?" என்று கேட்டுவிட்டு, களை பிடுங்கப் போய்விட்டார். போகும்போது இரண்டு பழம் கொடுத்தார். இரண்டுமே புளிப்பு.

திங்கள்கிழமை காலை, கூட்டம் வடிந்த நேரமாகப் பார்த்துக் கெலாங் பாத்தா போனேன். பாக்கியம் அக்கா கல்லாவில் இல்லை. பின்னால் இருக்கிறார் என்றார்கள். உள்ளே போனதும், "அலமாக், லாயரா? இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் குசினிக்குள்ள வரீங்க" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சந்தோஷப்பட்டார். நான் உட்காரவில்லை. அக்கா, மிளகாய்த்தூள் ஒரு கை என்று சொன்னீர்களே, அதை எனக்கு ஒருதடவை போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டேன்.

அவர் பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம், "அந்தக் கைய எடு" என்றார்.

நான் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தேன். அவள் எட்டி, சுவரில் ஆணியில் மாட்டியிருந்த ஒரு சின்னப் பால்டின்னை எடுத்து அக்காவிடம் நீட்டினாள். டின்னின் பக்கவாட்டில் கம்பியை வளைத்துக் கைப்பிடி பற்றவைத்திருந்தது. நான் இன்னமும் கைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அக்கா டின்னால் மிளகாய்த்தூளை அள்ளி, விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, சட்டியில் போட்டார்.

"இதுவா கை?" என்றேன்.

"பின்ன? கைபுடி வச்ச டின்னு. எஸ்டேட்டுல எங்க வீட்டுல இதுக்குக் கைன்னுதான் பேரு," என்றார். "வெறுங்கையால யாரு லா மொளகாத்தூள அள்ளுவா? எரியாது?"

 கையுறை பற்றி நான் எழுதிய இரண்டு பக்கக் கருத்து ஞாபகத்துக்கு வந்தது. கடை வாசலில் இருக்கும் அந்தப் பெரிய உள்ளங்கைச் சின்னத்தை என்னவென்று நினைத்தீர்கள் என்று கேட்டேன். சாமி ஆசீர்வாதம் பண்ணுகிற கை என்று நினைத்தாராம். பையன் பக்தியாக இருக்கிறானே என்று மனசுக்குள் சந்தோஷமாம்.

பிறகு அவரே சொன்னார். லாபிஸ் பொண்ணு ஒருநாள் பஸ் ஏறி வந்து, ஒரு கை என்றால் எவ்வளவு என்று கேட்டதாம். அதனால் அவளுக்கும் ஒரு டின்னைப் பற்றவைத்துக் கொடுத்தாராம்.

இளையவர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். கடையை இழக்கப் போகிற அந்த ஒரு பெண்தான் அக்காவின் சமையல் முறையை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர். மற்ற ஆறு பேரும் நான் எழுதியதைக் கடைப்பிடித்தவர்கள். இதை நான் ஸ்டெல்லாவிடம் போய்ச் சொல்ல முடியாது. கட்சிக்காரரின் அடுப்படியில் தெரிந்துகொண்டது கட்சிக்காரருடையது. வாயை மூடிக்கொண்டு மூன்று நாள் இருந்தால் போதும், தேதி தாண்டிவிடும். என் பெரிய கட்சிக்காரர் என்னிடமே இருப்பார், என் உரை இருக்கும், பதாகை இருக்கும். அப்படி நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். அந்தச் சட்டியில் பிரட்டல் கொதித்து வருகிற வரைக்கும் நினைத்தேன்.

பிறகு மகேனை அங்கேயே வரச் சொன்னேன்.

அவர் வந்து டின்னைப் பார்த்தார். முகம் ஒரு நொடி மாறியது. ஆனால் சுதாரித்துக்கொண்டார். "மேடம், டாக்குமென்ட்ல உள்ளங்கைன்னுதானே இருக்கு. ரெஜிஸ்டர் பண்ணியாச்சு. நீங்களே எழுதினது" என்றார். இருபது வருடம் நான் மற்றவர்களிடம் சொன்ன வாக்கியம் அது. காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். என் வாயிலிருந்து வரும்போது அது இவ்வளவு மோசமாக இருந்ததில்லை.

நான் எழுதியது தப்பு என்றேன். அம்மாவைக் கேட்காமல் நானே எழுதினேன், கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், இரண்டும் என் தப்பு, இதை எழுத்திலேயே உங்களுக்குக் கொடுக்கிறேன் என்றேன். சனிக்கிழமை ஸ்டெல்லா என் மேசைக்கு வந்ததையும், நான் பாதியில் நிறுத்தி வேறு வழக்கறிஞரிடம் அனுப்பியதையும் சொன்னேன். என் தப்பே விவகாரமாகிவிட்டதால் இனிமேல் இதில் நான் உங்களுக்காக வேலை செய்ய முடியாது, வேறு வழக்கறிஞரைப் பாருங்கள் என்றேன். அதற்கு முன் ஒரே ஓர் ஆலோசனை, இந்த நோட்டீஸைத் திரும்பப் பெற்றுவிடுங்கள் என்றேன்.

"நீங்க யாரோட லாயர், மேடம்?" என்றார் மகேன்.

"உங்க அம்மாவோட," என்றேன். உண்மையும் அதுதான். கம்பெனி அக்கா பெயரில் இருந்தது. ஒப்பந்தம் முறிக்கும் கடிதத்தில் கடைசியாகக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். மகன் நீட்டும் இடத்தில் எல்லாம் அவர் போட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு, என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டார். அந்த நோட்டீஸில் என்ன இருக்கிறது என்பதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கையேட்டில் என்ன இருக்கிறது என்பதையும் அன்றுதான் அவருக்கு முதன்முதலில் ஒழுங்காகச் சொன்னேன். விரல்கள் சற்றே மடங்கிய நிலையில் என்று நான் சொன்னபோது அவர் தன் வலது கையைத் தூக்கி, விரலை மடக்கிப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஏழு கடைக்கு என் பேரப் போட்டீங்க," என்றார் மகனிடம். "என் சாப்பாட்ட எப்புடி ஆக்குறதுன்னு என்கிட்ட வந்து கேட்டவ அவ ஒருத்திதான். அவ கடைய மூடவா நான் கையெழுத்துப் போடணும்?"

கேள்வி மகனுக்கு. ஆனால் என் பக்கமும் ஒரு பார்வை வந்தது. மகேன் கெட்டவர் இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த டின்னை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா இத நீங்க சொல்லவே இல்ல?" என்றார். நீ கேக்கவே இல்லயே என்று சொல்லிவிட்டு, அக்கா அடுப்பைக் கூட்டினார்.

நோட்டீஸ் கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் திரும்பப் பெறப்பட்டது. அந்தக் கடிதத்தை வேறொரு வழக்கறிஞர் எழுதினார். நன்றாகவே எழுதினார், இரண்டே வரி. அதே வாரம் மகேன் என் அலுவலகத்துக்கு ஆள் அனுப்பி, தன் கோப்புகளை நான்கு பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அடுத்த இளையோர் உரையில் அதே எடுத்துக்காட்டைத் திரையில் போட்டு, அதற்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்து, நடந்ததை முழுவதும் சொன்னேன். அரங்கத்தில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். அவர் இப்போது நீதிபதி. பெயர் சொல்ல மாட்டேன். சனிக்கிழமைகளில் பாரம் எழுதும் வேலையை அன்றிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடும் கடிதத்தை ஒரு தடவையாவது வாய்விட்டுப் படிக்கும் வழக்கமும் வந்தது. இதனால் என் அலுவலகத்தில் எல்லாருக்கும் தலைவலி வந்தது. வரட்டும்.

தப்பை ஒப்புக்கொண்டால் தொழில் போய்விடும் என்று உங்களுக்கு யாராவது சொல்லுவார்கள். கொஞ்சம் போகும். எனக்கு நான்கு பெட்டி போனது. மிச்சம் இருந்ததை வைத்து ஓய்வு பெறும் வரை நன்றாகவே ஓட்டினேன். அந்த வாரத்துக்குப் பிறகு எந்தக் கட்சிக்காரரிடமும் தெரியாததைத் தெரிந்த மாதிரி நான் தலையாட்டவில்லை. அதனால் கொஞ்சம் மெதுவான வழக்கறிஞர் என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரை நான் மறுக்கவும் இல்லை.

சில மாதங்கள் கழித்துச் சங்க வேலையாகச் சிகாமட் போக வேண்டியிருந்தது. வழியில் லாபிஸில் இறங்கினேன். மத்தியான நேரம், உட்கார இடமில்லை. உள்ளங்கைச் சின்னத்தைக் கழற்றிவிட்டு, கைப்பிடி வைத்த டின்னை வரைந்து மாட்டியிருந்தார்கள். மகேனின் வேலைதான், விளம்பரத்தில் அவர் கெட்டிக்காரர் என்று சொன்னேனே. ஒரு சீனக் குடும்பத்தோடு மேசையைப் பகிர்ந்துகொண்டு உட்கார்ந்தேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். இலையைப் போட்டு, தானே வந்து பரிமாறினார். பிரட்டல் கெலாங் பாத்தாவில் சாப்பிடுவது போலவே இருந்தது. காரம் கண்ணில் தண்ணீர் வர வைத்தது. காரத்தால் மட்டும் என்று சொல்ல மாட்டேன்.

மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போயிருந்தேன். ஆரம்பித்தேன். அந்த ஒப்பந்தத்தையும் கையேட்டையும் எழுதியது நான்தான், அன்றைக்கு உங்களிடம் சொல்ல முடியவில்லை, அவ்வளவு பெரிய தப்பை அதில் வைத்துவிட்டு...

"தெரியும் லாயர்," என்றார் ஸ்டெல்லா, இன்னொரு கரண்டி பிரட்டலை இலையில் வைத்தபடி. "நீங்க எழுதுனத மூணு தடவ படிச்சேன். ஒரு மண்ணும் புரியல. அதனாலதான் பஸ் ஏறிப் போயி அக்காகிட்டயே கேட்டுட்டேன்."

இத்தனை வருடத் தொழிலில் என் எழுத்தால் ஒரு கடை பிழைத்தது என்று நெஞ்சைத் தொட்டு நான் சொல்ல முடியுமானால், அது ஸ்டெல்லாவுக்குப் புரியாமல் போன அந்த எழுத்துதான்.